ஒரு படத்துக்கு நாடு உண்டா? ஹாங்காங் சினிமாவை வைத்து ஒரு விளக்கம்

2025 ஏப்ரலில், அமெரிக்கா விதித்த இறக்குமதி வரிகளுக்குப் பதிலடியாக, தன் நாட்டுக்குள் வரும் அமெரிக்கப் படங்களின் எண்ணிக்கையை ஓரளவு குறைக்கப் போவதாகச் சீனத் திரைப்பட நிர்வாகம் அறிவித்தது. அடுத்த மாதமே, வெளிநாட்டில் தயாராகும் படங்களுக்கு 100 சதவீத வரி போடப் போவதாக அமெரிக்க அதிபர் டிரம்ப் சொன்னார். செப்டம்பரில் அதையே மறுபடியும் சொன்னார். அரிசிக்கும் காருக்கும் வரி போடலாம், சரி. ஒரு படம் எந்த நாட்டில் தயாரானது என்று யார், எதை வைத்து முடிவு செய்வது? செய்தியைப் படித்த பலருக்கும் இந்தக் கேள்விதான் எழுந்தது.

பணம் ஒரு நாட்டிலிருந்து வரும், இயக்குநர் இன்னொரு நாட்டுக்காரராக இருப்பார், கதை மூன்றாவது நாட்டிலிருந்து வாங்கியதாக இருக்கும். சினிமா நெடுங்காலமாகவே இப்படித்தான் இயங்குகிறது. அதைப் புரிந்துகொள்ள ஹாங்காங்கை விட நல்ல உதாரணம் கிடையாது. இன்றைக்கும் சுமார் 75 லட்சம் பேர் மட்டுமே வாழும் ஒரு நகரம், ஒரு காலத்தில் ஆண்டுக்கு 200 படங்களுக்கு மேல் எடுத்தது. உள்ளூர் டிக்கெட் வசூல் மட்டும் அதைத் தாங்கியிருக்க முடியாது. வெளியூர் ஆட்களையும் வெளியூர்ச் சந்தையையும் நம்பித்தான் அது வளர்ந்தது. பிறகு தேய்ந்ததும் அதே காரணத்தால்தான்.

ஒரு சினிமா இன்னொன்றைப் பாதிப்பதை நாம் பெரும்பாலும் ரசனையின் விஷயமாகப் பார்க்கிறோம். "அவர் இவரைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. என் பார்வையில் அது பாதிக் கதைதான். ஆட்கள் எங்கே இடம் மாறுகிறார்கள், பணம் எங்கிருந்து வருகிறது, சந்தையின் கதவு யார் கையில் இருக்கிறது என்ற மூன்றும்தான் தாக்கம் எந்தத் திசையில் போகும் என்பதை முடிவு செய்கின்றன.

முதலில் சில சொற்கள்

1. ரீமேக் உரிமை: ஒரு படத்தின் கதையையும் திரைக்கதையையும் வைத்து வேறு நடிகர்களோடு புதிதாகப் படம் எடுக்கும் உரிமை. அதே படத்துக்கு வேறு மொழியில் குரல் கொடுப்பது டப்பிங். இரண்டும் தனித்தனியாக விற்கப்படுபவை.

2. தாக்கம், நகல்: பதிப்புரிமைச் சட்டம் கருவைப் பாதுகாப்பதில்லை, அதைச் சொன்ன விதத்தைத்தான் பாதுகாக்கிறது. ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978ல் நம் உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதுதான். ஒரே கருவை இரண்டு பேர் கையாளலாம். இரண்டையும் பார்த்தவருக்கு 'இது அதன் நகல்தான்' என்ற எண்ணம் சந்தேகமில்லாமல் எழுந்தால்தான் அது மீறல்.

3. முன்விற்பனை: படம் முடிவதற்கு முன்பே ஏரியா உரிமைகளை விற்று, அந்தப் பணத்திலேயே படத்தை எடுப்பது.

4. ஒதுக்கீடு: வெளிநாட்டுப் படங்கள் ஆண்டுக்கு இத்தனைதான் என்று அரசு வைக்கும் வரம்பு. சீனாவில் இது முக்கியமாக, வசூலில் பங்கு பெறும் படங்களுக்கானது. 1994ல் 10 படங்கள். உலக வர்த்தக அமைப்பில் சீனா சேர்ந்த பிறகு 20. 2012 முதல் 34. அந்த ஆண்டில்தான் வெளிநாட்டுத் தயாரிப்பாளரின் பங்கும் வசூலில் 25 சதவீதமாக உயர்ந்தது.

5. கூட்டுத் தயாரிப்பு: இரண்டு நாட்டு நிறுவனங்கள் சேர்ந்து எடுக்கும் படம். சட்டப்படி அந்தத் தகுதி கிடைத்தால் இரண்டு இடத்திலும் அது உள்ளூர்ப் படம். ஒதுக்கீட்டுக் கணக்கில் வராது.

ஐந்தாவதுதான் முக்கியம். ஹாங்காங்கின் தலையெழுத்தை மாற்றியது அதுதான்.

வந்தவர்களால் உருவான சினிமா

ஹாங்காங் சினிமாவின் வேர் ஷாங்காயில் இருக்கிறது. 1937ல் தொடங்கிய ஜப்பானியப் போர், அதற்குப் பின் உள்நாட்டுப் போர் என்று அலையலையாகக் கலைஞர்களும் முதலாளிகளும் ஹாங்காங்குக்கு இடம்பெயர்ந்தார்கள். இவர்களில் பெரிய பெயர் ஷா சகோதரர்கள். 1920களிலேயே இந்தக் குடும்பம் ஷாங்காயில் படம் எடுத்து, சிங்கப்பூரிலும் மலாயாவிலும் திரையரங்குகளை நடத்தத் தொடங்கிவிட்டது.

நமக்கும் இங்கே ஒரு தொடர்பு இருக்கிறது. சிங்கப்பூரில் ஷா குடும்பம் மலாய் மொழிப் படங்களை எடுத்தபோது, இயக்குநர்களை இந்தியர்களிலிருந்து தேர்ந்தெடுத்தது. பி.எஸ். ராஜ்ஹன்ஸ், தமிழரான எல். கிருஷ்ணன், பி.என். ராவ், பணி மஜும்தார் என்று பட்டியல் நீளும். மலாய் சினிமாவின் மாபெரும் நட்சத்திரமான பி. ராம்லியை 1948ல் திரைக்குக் கொண்டுவந்தவர் ராஜ்ஹன்ஸ்தான். அக்கால மலாய்ப் படங்களின் பாட்டிலும் குடும்பக் கண்ணீரிலும் இந்தியச் சாயல் தெரிகிறது என்றால் காரணம் நேரடியானது. சீன முதலாளி சம்பளம் கொடுத்தார், இந்திய இயக்குநர் எடுத்தார், மலாய் நடிகர் நடித்தார்.

1950களின் இறுதியில் ஷா சகோதரர்களில் ஒருவரான ரன் ரன் ஷா ஹாங்காங்குக்கு வந்து, கிளியர்வாட்டர் பே பகுதியில் ஒரு பெரிய ஸ்டூடியோவைக் கட்டினார். அதை நடத்தவும் வெளியாட்கள் வந்தார்கள். வண்ணத்திலும் அகலத்திரையிலும் தேர்ந்த ஒளிப்பதிவாளர் நிஷிமோதோ தடாஷி ஜப்பானிலிருந்து வந்தார். இயக்குநர் இனோவே உமெட்சுகு, தான் ஜப்பானில் எடுத்த கதைகளையே சீன நடிகர்களை வைத்து ஹாங்காங்கில் மறுபடியும் எடுத்துத் தந்தார். ஜப்பானின் பார்வையற்ற வாள்வீரன் ஸடோயிச்சி படங்கள் அங்கே சக்கைப் போடு போட்டன. 1967ல் ஹாங்காங் இயக்குநர் சாங் சே ஒரு கையை இழந்த வாள்வீரனின் கதையை எடுத்தபோது அந்த நிழல் அதில் விழுந்திருந்தது. 1971ல் இந்த இரண்டு வீரர்களும் ஒரே படத்தில் மோதினார்கள். ஜப்பானும் ஹாங்காங்கும் சேர்ந்து எடுத்த படம் அது.

ஒரு சைரன் சத்தத்தின் பயணம்

1973 வசந்த காலத்தில் வார்னர் பிரதர்ஸ் ஒரு ஹாங்காங் குங்ஃபூ படத்தை அமெரிக்காவில் வெளியிட்டது. ஹாங்காங்கில் 'கிங் பாக்ஸர்' என்றும் அமெரிக்காவில் 'ஃபைவ் ஃபிங்கர்ஸ் ஆஃப் டெத்' என்றும் அதற்குப் பெயர். அமெரிக்காவில் குங்ஃபூ மோகத்தைக் கிளப்பிய படம் இது. இதை எடுத்தவர் சீனரே அல்ல. ஷா நிறுவனத்துக்கு வேலை செய்ய வந்த கொரிய இயக்குநர் ஜங் சாங்-ஹ்வா.

அதில் நாயகனின் கைகள் கோபத்தில் சிவக்கும்போதெல்லாம் ஒரு சைரன் போன்ற இசை அலறும். அது 'ஐரன்சைட்' என்ற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடருக்காக குவின்சி ஜோன்ஸ் அமைத்த இசை. முப்பது ஆண்டுகள் கழித்து, 2003ல் குவென்டின் டரன்டினோ 'கில் பில்' படத்தில் அதையே பயன்படுத்தினார். அமெரிக்க இசை, கொரிய இயக்குநரின் ஹாங்காங் படம், மறுபடியும் அமெரிக்கப் படம். இதில் எதை அசல் என்பது? கேட்கும் ரசிகர்களில் பலருக்கு அது குங்ஃபூ படத்தின் இசைதான்.

அதே 1973ல் 'என்டர் த டிராகன்' வந்தது. புரூஸ் லீ சான் பிரான்சிஸ்கோவில் பிறந்து ஹாங்காங்கில் வளர்ந்தவர். அமெரிக்கத் தொலைக்காட்சியில் துணைப் பாத்திரத்துக்கு மேல் கிடைக்காமல் ஹாங்காங் திரும்பி, கோல்டன் ஹார்வெஸ்ட் நிறுவனத்தில் நாயகனானார். அதன் பிறகுதான் வார்னர் அவரைத் தேடி வந்தது. படம் வெளியாவதற்கு முன்பே, ஜூலை 20 அன்று, அவர் இறந்துபோனார்.

அமெரிக்கா எடுத்துக்கொண்ட நான்கு வழிகள்

1980களிலிருந்து ஹாலிவுட் ஹாங்காங்கிடமிருந்து எடுத்துக்கொண்டதை நான்காகப் பிரிக்கலாம். ஒவ்வொன்றிலும் ஹாங்காங்குக்குக் கிடைத்தது வேறு வேறு.

1. காட்சியை எடுத்துக்கொள்வது. ஜாக்கி சானின் 'போலீஸ் ஸ்டோரி' 1985ல் வந்தது. ஓடிவரும் பேருந்தின் முன்னால் துப்பாக்கியோடு நின்று அதை நிறுத்துவார். 1989ல் ஒரு ஹாலிவுட் போலீஸ் படம் அதே காட்சியை லாரியை வைத்துத் தொடக்கத்திலேயே எடுத்தது. ரிங்கோ லாம் 1987ல் எடுத்த படத்தின் நகைக் கடைக் கொள்ளை, கொள்ளைக் கூட்டத்துக்குள் ஒரு ரகசிய போலீஸ், கடைசியில் ஒருவர்மேல் ஒருவர் துப்பாக்கி நீட்டி நிற்பது எல்லாம் 1992ல் டரன்டினோவின் முதல் படத்தில் திரும்ப வந்தன. இந்த வழியில் மூலக் கலைஞருக்குப் பணம் வராது. பெயரும் ரசிகர்கள் கண்டுபிடித்துச் சொன்னால்தான் உண்டு. ஆனால் ஜாக்கி சானும் இதையே செய்தவர்தான். 'புராஜக்ட் ஏ'யில் மணிக்கூண்டில் தொங்கி விழும் காட்சி, 1923ல் ஹரால்டு லாயிட் கடிகார முள்ளைப் பிடித்துத் தொங்கியதிலிருந்து வந்தது.

2. ஆளை அழைத்துக்கொள்வது. ஹாங்காங் இயக்குநர் ஜான் வூ 1993ல் ஹாலிவுட்டுக்குப் போனார். 'ஃபேஸ் ஆஃப்', 'மிஷன் இம்பாசிபிள் 2' எல்லாம் அவர் எடுத்தவை. அவருடைய துப்பாக்கி நாயகர்களின் நிதானம் பிரெஞ்சு இயக்குநர் மெல்வில்லிடமிருந்து வந்தது என்பதை அவர் ஒருபோதும் மறைத்ததில்லை.

3. கைத்திறனை வாடகைக்கு எடுப்பது. 'த மேட்ரிக்ஸ்' படத்துக்காக ஹாங்காங் சண்டை இயக்குநர் யுவென் வூ-பிங் அழைக்கப்பட்டார். நடிகர்களுக்கு முன்கூட்டியே நான்கு மாதம் பயிற்சி வேண்டும் என்பது அவர் போட்ட நிபந்தனை. கம்பியில் தொங்கிப் பறந்து சண்டை போடும் முறை, நம் ஸ்டண்ட் கலைஞர்கள் 'ரோப்' என்று சொல்வது, 1999க்குப் பிறகு உலகம் முழுக்கப் பரவியது. 2010ல் 'எந்திரன்' படத்தில் சண்டைக் காட்சிகளுக்கு அவரே பணியாற்றினார். நான்கு வழிகளில் நேர்மையானது இதுதான் என்று நினைக்கிறேன். திறமை அதன் சொந்தக்காரரோடேயே பயணம் செய்கிறது, அவருக்குச் சம்பளமும் பெயரும் கிடைக்கின்றன, உள்ளூர்க் கலைஞர்களும் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்கிறார்கள்.

4. கதையை வாங்குவது. இதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஒரே கதை, மூன்று முடிவுகள்

ஆண்ட்ரூ லாவும் ஆலன் மாக்கும் இயக்கிய 'இன்ஃபெர்னல் அஃபேர்ஸ்' 2002ல் வந்தது. ரவுடிக் கும்பலுக்குள் ஒரு போலீஸ், போலீஸுக்குள் ஒரு கும்பல்காரன். இரண்டு பேரும் பல ஆண்டுகளாகப் பொய் வாழ்க்கை வாழ்கிறார்கள். வார்னர் இதன் ரீமேக் உரிமையைச் சுமார் 17.5 லட்சம் டாலருக்கு வாங்கியதாக அப்போது பத்திரிகைகள் எழுதின. 2006ல் மார்ட்டின் ஸ்கார்செஸி இதை 'த டிபார்ட்டட்' என்று எடுத்தார். உலக வசூல் 29 கோடி டாலரை ஒட்டி வந்தது. சிறந்த படம், இயக்குநர், தழுவல் திரைக்கதை, படத்தொகுப்பு என்று நான்கு ஆஸ்கர்.

முடிவை மட்டும் கவனியுங்கள். ஹாங்காங் படத்தில் போலீஸுக்குள் இருக்கும் கும்பல்காரன் தப்பிவிடுகிறான். ஆனால் குற்ற உணர்ச்சியோடு உயிர் வாழ்வதே அவனுக்குத் தண்டனை. இடைவெளியே இல்லாத நரகத்தைப் பற்றிய பௌத்த நம்பிக்கை படம் முழுக்க ஓடுகிறது. சீன நிலப்பகுதியில், அதாவது ஹாங்காங்குக்கு வெளியே உள்ள பெருஞ்சீனாவில், திரையிட வேறொரு முடிவைப் படமாக்கினார்கள். அதில் அவன் லிஃப்டை விட்டு வெளியே வந்ததும் கைதாகிறான், ஏனென்றால் அங்கே தணிக்கையைத் தாண்ட வேண்டுமானால் குற்றவாளி சட்டத்திடம் சிக்கியாக வேண்டும். அமெரிக்கப் படத்தில் அவன் வீட்டு வாசலிலேயே சுட்டுக் கொல்லப்படுகிறான்.

நல்ல ரீமேக் என்றால் என்ன என்பதற்கும் இது பாடம். கதை பாஸ்டன் நகரத்துக்குப் போனபோது ஐரிஷ் வம்சாவளிக் குடும்பங்களின் வர்க்கப் பிளவும் கத்தோலிக்கப் பின்னணியும் உள்ளே வந்தன. ஹாங்காங்கில் பலர் அதே கதையை, 1997ல் நகரம் பிரிட்டனிடமிருந்து சீனாவிடம் போன கைமாற்றத்துக்குப் பிந்தைய 'நாம் யார்' என்ற குழப்பமாக வாசித்தார்கள். எலும்புக்கூடு ஒன்று, உயிர் இரண்டு. ஸ்கார்செஸியின் படத்தை வெறும் காப்பி என்று ஒதுக்குவது நியாயமே இல்லை.

மனதை உறுத்துவது வேறு. ஆஸ்கர் மேடையில் அறிவிப்பாளர் மூலப்படத்தை ஜப்பானியப் படம் என்று சொன்னார். மூலப்படத்தின் அமெரிக்க உரிமையை மிராமாக்ஸ் வாங்கி 2004ல் வெளியிட்டது, அதுவும் சில திரையரங்குகளில் மட்டும். கதையை வாங்கத் தயாராக இருந்த சந்தை, அந்தக் கதையைச் சொன்னவர்களின் முகத்தையும் மொழியையும் திரையில் வைக்கத் தயாராக இல்லை. ரீமேக் உரிமை விற்பவர் வருமானம் பெறுகிறார். பார்வையாளர் கூட்டம் வாங்கியவரிடம் போய்ச் சேருகிறது.

உச்சியிலிருந்து சரிவு

1990களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 200ஐத் தாண்டிய படங்கள், 2000களின் நடுவில் 50 சொச்சமாகச் சுருங்கின. காரணங்கள் ஒன்றோடொன்று பின்னியவை. தைவான் விநியோகஸ்தர்களின் முன்விற்பனைப் பணத்தை நம்பி அவசர அவசரமாகப் படங்கள் எடுக்கப்பட்டன. தரம் விழுந்ததும் அந்தப் பணம் நின்றது. ஹாலிவுட் படங்கள் ஆசியச் சந்தைக்குள் வேகமாக நுழைந்தன. திருட்டு விசிடி பரவியது. 1997ல் ஆசிய நிதி நெருக்கடி வந்தது. கைமாற்றத்தை ஒட்டிப் பெரிய பெயர்கள் வெளியேறின.

அப்புறம் 2003 ஜூனில், ஹாங்காங்குக்கும் சீன நிலப்பகுதிக்கும் இடையே ஒரு பொருளாதார ஒப்பந்தம் கையெழுத்தானது. 2004 ஜனவரி 1 முதல் அது அமலுக்கு வந்தது. அதன்படி ஹாங்காங் படங்கள் வெளிநாட்டுப் பட ஒதுக்கீட்டில் அடங்காது. கூட்டுத் தயாரிப்பாக இருந்தால் உள்ளூர்ப் படமாகவே நடத்தப்படும். படுத்துக்கிடந்த ஒரு தொழிலுக்கு நூறு கோடி மக்களைத் தாண்டிய சந்தை திறந்தது. வேண்டாம் என்று யார் சொல்வார்கள்?

அதற்கு ஹாங்காங் கொடுத்த விலை இது:

1. முக்கிய நடிகர்களில் மூன்றில் ஒரு பங்காவது நிலப்பகுதியைச் சேர்ந்தவர்களாக இருக்க வேண்டும், கதைக்கும் அந்த நிலத்தோடு தொடர்பு வேண்டும் என்ற நிபந்தனைகள் இருந்தன. பின்னாளில்தான் தளர்த்தப்பட்டன.

2. பேய்ப் படம், ஊழல் போலீஸ், தண்டனை பெறாத ரவுடி ஆகியவை தணிக்கையில் சிக்கின. ஹாங்காங் சினிமாவின் பலமே இவைதான்.

3. ஹாங்காங்கின் கான்டோனீஸ் மொழிப் பேச்சும் அதன் கிண்டலும் பின்னுக்குப் போய், நிலப்பகுதியின் பொதுமொழியான மாண்டரின் முன்னுக்கு வந்தது.

4. இயக்குநர்களின் அலுவலகங்களே பெய்ஜிங்குக்கு மாறின.

கடைசியாகச் சொன்னதன் விளைவு பெரியது. சுய் ஹார்க், டான்டே லாம் போன்ற ஹாங்காங் இயக்குநர்கள் நிலப்பகுதியின் மாபெரும் போர்ப் படங்களை எடுக்கத் தொடங்கினார்கள். 2021ல் கொரியப் போரைப் பற்றி வந்த 'த பேட்டில் அட் லேக் சாங்ஜின்' படத்தை சென் கைகேயுடன் சேர்ந்து இயக்கியவர்கள் இவர்கள் இருவரும்தான். சீனாவின் அதுவரையிலான வசூல் சாதனைகளை அது முறியடித்தது. ஒரு சின்ன நகரத்தின் கைத்திறன் ஒரு பெரிய தேசத்தின் தேசபக்திப் படமாக உருமாறியது. பணம், தொழில்நுட்பம், கூட்டம் எல்லாமே கிடைத்தன. ஆனால் ஹாங்காங்கின் தெருவும் சந்தும் அந்தத் திரையில் இல்லை. எனக்கு இது வருத்தமான விஷயம்தான்.

2021 அக்டோபரில் ஹாங்காங்கின் சொந்தத் தணிக்கைச் சட்டமும் திருத்தப்பட்டது. தேசியப் பாதுகாப்புக்கு எதிரானது என்று கருதினால், முன்பே அனுமதி பெற்ற படத்தின் அனுமதியையும் திரும்பப் பெறலாம் என்று ஆனது.

வரி போடுவது ஏன் சிக்கல்

இந்தப் பின்னணியோடு 2025 அறிவிப்புகளைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். சீனாவின் கதவு எண்ணிக்கையால் ஆனது. 34 என்ற எண்ணைக் குறைப்பது எளிது. மேலும் அங்கே உள்ளூர்ப் படங்களே வசூலில் ஆதிக்கம் செலுத்துவதால் இழப்பும் குறைவு.

அமெரிக்காவின் நிலை வேறு. ஹாலிவுட் நிறுவனங்களே வரிச்சலுகைக்காக லண்டன், வான்கூவர், புடாபெஸ்ட் என்று போய்ப் படமெடுக்கின்றன. அவை வெளிநாட்டுப் படங்களா? படம் துறைமுகத்தில் இறங்கும் சரக்கும் அல்ல, டிஜிட்டல் கோப்பாக வருகிறது. வரியை எதன்மேல் கணக்கிடுவது: தயாரிப்புச் செலவா, விநியோக உரிமை விலையா, டிக்கெட் வசூலா? அறிவிப்புகளில் இதற்குப் பதில் இல்லை. நம் தயாரிப்பாளர்களுக்கும் இது தூரத்து விஷயம் அல்ல. தெலுங்கு, தமிழ், இந்திப் படங்களுக்கு அமெரிக்கா பெரிய வெளிநாட்டு ஏரியா. உரிமை விலைமேல் வரி என்றால் அடி முதலில் விநியோகஸ்தருக்கு, அடுத்த படத்தின் பேரத்தில் தயாரிப்பாளருக்கு. டிக்கெட் வசூல்மேல் என்றால் சின்னப் படங்கள் அங்கே திரையிடவே யோசிக்கும்.

ஹாங்காங் இப்போது

2023ல் 'எ கில்ட்டி கான்ஷியன்ஸ்' என்ற நீதிமன்றக் கதை, உள்ளூரில் 10 கோடி ஹாங்காங் டாலர் வசூலைத் தாண்டிய முதல் ஹாங்காங் படமானது. இறுதிச் சடங்குத் தொழிலைப் பற்றிய 'த லாஸ்ட் டான்ஸ்' அடுத்த ஆண்டே அதை மிஞ்சியது. இரண்டும் ஹாங்காங்குக்காரர்களின் பேச்சும் கவலையும் நிறைந்த படங்கள். உள்ளூர்க் கூட்டம் திரையரங்குக்குத் திரும்ப வரும் என்பதை இவை காட்டின.

2024ல் சோய் சியாங் இயக்கிய 'ட்வைலைட் ஆஃப் த வாரியர்ஸ்' கான் விழாவில் நள்ளிரவுக் காட்சியாகத் திரையிடப்பட்டது. இடித்துத் தள்ளப்பட்ட கவ்லூன் கோட்டைக் குடியிருப்பை செட் போட்டு எழுப்பினார்கள். சண்டை இயக்குநர் ஜப்பானியரான தனிகாகி கென்ஜி. இளவயதில் ஹாங்காங் வந்து சண்டை நடிகர் டோனி யென்னிடம் தொழில் கற்று, அதை ஜப்பானுக்குக் கொண்டுபோய் 'ருரோனி கென்ஷின்' வாள் சண்டைகளை அமைத்து, பிறகு ஹாங்காங் திரும்பியவர் அவர். படம் முழுக்கக் கான்டோனீஸ் பேச்சு, எண்பதுகளின் ஹாங்காங் வாழ்க்கை. சட்டப்படி அது சீனாவோடு சேர்ந்த கூட்டுத் தயாரிப்பு.